மயங்கியவரின் இடுப்பில் இருந்த துப்பாக்கி: இல்லினாயிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்பவர்கள் எதற்கெல்லாமோ தயாராகிறார்கள். தாக்க வருபவன் முன்னால் எப்படி உருவுவது, போலீஸ் காரை நிறுத்தினால் கையை எங்கே வைப்பது, எந்தக் கட்டடத்துக்குள் போகக்கூடாது என்று வகுப்பு வகுப்பாகப் படிக்கிறார்கள். தானே மயங்கி விழுந்தால் இடுப்பில் இருப்பது என்னவாகும் என்பது மட்டும் பேச்சில் வருவது குறைவு. ஐம்பதைத் தாண்டிய ஒருவரை எடுத்துக்கொண்டால், அவர் துப்பாக்கியை உருவ நேரும் நாளைவிட ஆம்புலன்ஸில் ஏற நேரும் நாள்தான் முதலில் வரும் என்பது என் கணிப்பு.

கீழே வருவது ஒரு தனி மனிதரின் கோப்பு அல்ல. சட்டமும் அவசர மருத்துவமும் எந்தெந்த இடத்தில் உரசுகின்றன என்று பார்ப்பதற்காக அமைத்துக்கொண்ட மாதிரி நிகழ்வு. சட்ட விதிகளும், இடையில் வரும் எம்ஆர்ஐ விபத்துகளும் உண்மையானவை. இல்லினாயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இந்தச் சூழ்நிலைக்கென்றே எழுதி வைத்த விதி அங்கே இருக்கிறது.

நடந்தது

54 வயதுக்காரர். இரண்டாம் வகை சர்க்கரை நோய், தினமும் கிளிமெபிரைடு மாத்திரை. மறைத்து ஏந்துவதற்கான இல்லினாய் லைசென்ஸ் முறையாக வைத்திருக்கிறார்; அதற்கு 16 மணி நேரப் பயிற்சி, 150 டாலர் கட்டணம், ஐந்து ஆண்டு ஆயுள். ஒரு சனிக்கிழமை காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டார். மதியத்துக்கு மேல் ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டீயரிங்கில் சாய்ந்து கிடந்தவரை வழிப்போக்கர் ஒருவர் பார்த்து 911-ஐ அழைத்தார்.

முதலில் வந்தது தீயணைப்புத் துறையின் ஆம்புலன்ஸ். ஆள் விழித்திருந்தார், ஆனால் கேட்டதற்குப் பதில் இல்லை. உடம்பெல்லாம் வியர்வை, நாக்கு குழறல், தொட்டால் கையைத் தட்டிவிடுகிறார். விரல் நுனியில் எடுத்த சர்க்கரை 31. 54-க்குக் கீழே போனாலே கவலைக்குரிய தாழ்வு என்று கணக்கு; 31-ல் மூளைக்குப் போதிய எரிபொருள் இல்லை.

இசிஜி ஒட்டுவதற்காகச் சட்டையைத் தூக்கியபோதுதான் பாராமெடிக், அதாவது ஆம்புலன்ஸின் அவசர மருத்துவப் பணியாளர், அதைப் பார்த்தார்: தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம், பேன்ட்டின் உட்புறம் செருகிய ஹோல்ஸ்டர் என்கிற உறையில் 9 எம்எம் பிஸ்டல். அதே நொடியில் நோயாளியின் வலக்கையும் அங்கே போனது. சுட நினைத்தார் என்று சொல்ல முடியாது. யாராவது இடுப்பைத் தொட்டால் கை அங்கே போகும் என்று வருடக்கணக்காகப் பழக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

கூட இருந்தவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பாராமெடிக் ஹோல்ஸ்டரின் கிளிப்பை விடுவித்து, துப்பாக்கியை உருவாமல், உறையோடு சேர்த்து மேலே எடுத்தார். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் கழற்றவில்லை, சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் சேம்பரைத் திறந்து பார்க்கவில்லை. ஆம்புலன்ஸில் போதை மருந்துகளை வைக்கும் பூட்டுப் பெட்டிக்குள் அப்படியே வைத்துப் பூட்டிவிட்டு, ஊசி போட நரம்பு தேடப் போனார்.

உறையோடு எடுத்தது ஏன் சரி

இந்த நிகழ்வில் மிக நன்றாகச் செய்யப்பட்ட காரியம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசலாம். இப்போது மறைத்து ஏந்தப் பயன்படும் சிறிய பிஸ்டல்களில் பலவற்றுக்குக் கையால் போடும் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு, கிடையாது. சேம்பரில் ஒரு தோட்டா இருக்கும், டிரிகரை அழுத்தினால் சுடும். டிரிகரை முழுசாக மூடி நிற்கிற கெட்டியான பிளாஸ்டிக் உறைதான் அங்கே பாதுகாப்பு. உறைக்குள் இருக்கும்வரை விரலோ துணியோ டிரிகரைத் தொட வழியில்லை. உருவிய மறுகணம் அந்தக் காவல் போய்விடுகிறது.

தோட்டாவை எடுத்துவிட்டால்தான் பாதுகாப்பு என்று தோன்றும். துப்பாக்கியை நன்கு தெரிந்தவருக்கு அது உண்மை. தெரியாத மாடல், கையுறையில் வியர்வையும் ரத்தமும், குறுகலான வண்டி, திமிறும் நோயாளி: இந்தச் சூழலில் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்து விளையாடுவது தவறுதலாகச் சுடப்படுவதற்கான நேர்வழி. தங்கள் ஆட்களுக்குத் தோட்டா நீக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை வகுப்பில் செய்த ஒன்றை மழையில், இருட்டில், பதற்றத்தில் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இதே ஆள் தொளதொளவென்ற துணி உறையில் வைத்திருந்தால் கதை வேறு. துணிக்கு மேலேயே டிரிகரை அழுத்திவிடலாம். ஒரு கையால் பிடித்தால் உறை கசங்கும். உறையே இல்லாமல் இடுப்பிலோ பாக்கெட்டிலோ செருகிக்கொள்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தன் உடையை நாளைக்கு அவிழ்க்கப் போகிறவர் யார் என்று தெரியாதவர்கள் உறை வாங்கும்போது இதை யோசிக்க வேண்டும்.

குடியா, சர்க்கரையா

டெக்ஸ்ட்ரோஸ் என்கிற குளுக்கோஸ் கரைசல் ஏற ஆரம்பித்த சில நிமிடங்களில் ஆள் தெளிந்தார். பெயர் சொன்னார், கிழமை சொன்னார், மூன்றாவதாக அவரே ஒரு கேள்வி கேட்டார்: "என் துப்பாக்கி எங்கே?"

அதற்குள் போலீஸ்காரர் வந்துவிட்டார். அவர் காதில் விழுந்த தகவலை அடுக்கிப் பாருங்கள். எஞ்சின் ஓடும் கார், ஓட்டுநர் இருக்கையில் நாக்குக் குழறும் மனிதர், இடுப்பில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது ஒரு குற்றம். குடிபோதையில் துப்பாக்கி ஏந்துவது இல்லினாயில் தனியாக இன்னொரு குற்றம். சர்க்கரைத் தாழ்வுக்கும் போதைக்கும் வெளித்தோற்றத்தில் அவ்வளவு வேறுபாடு இல்லை. "சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடவில்லை" என்று அவரே சொன்னதும் விஷயம் அங்கேயே முடிந்தது. அவரால் பேச முடியாமல் போயிருந்தால் அவருக்காகப் பேச அங்கே எதுவும் இல்லை. கையில் மருத்துவ அடையாள வளையம் கிடையாது. லைசென்ஸ் அட்டை வைத்த பர்ஸிலும் நோயைப் பற்றி ஒரு சீட்டுக்கூட இல்லை.

சட்டம் சொல்வது

இல்லினாயின் மறைத்து ஏந்தும் சட்டம் 2013-ல் வந்தது. அதன் பத்தாம் பிரிவில் காவல் அதிகாரியோடு சேர்த்து அவசர சேவைப் பணியாளரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அங்கிருக்கும் யாருடைய பாதுகாப்புக்காவது தேவை என்று பட்டால், தொடர்பு நீடிக்கும் வரை துப்பாக்கியைத் தன் பொறுப்பில் எடுத்து வைக்க இருவருக்கும் அதிகாரம் உண்டு. லைசென்ஸ்காரர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அவரால் ஆபத்தில்லை, உடலாலும் மனத்தாலும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியாக இருக்கிறார் என்று முடிவானால், இடத்தைவிட்டு அவரை அனுப்பும் முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சிகிச்சைக்காக வேறிடம் கொண்டு போனால் துப்பாக்கி ஏதாவது ஒரு காவல் அதிகாரியிடம் போக வேண்டும். அவர் தயாரிப்பாளர், மாடல், குழல் அளவு, சீரியல் நம்பர் நான்கும் எழுதிய ரசீது தர வேண்டும்.

நெப்ராஸ்காவிலும் ஏறக்குறைய இதே வாசகம் உண்டு. அங்கே கூடுதலாக ஒன்று: பணியாளர் கேட்கும்வரை காத்திருக்காமல், மறைத்து ஏந்துபவரே தன்னிடம் ஆயுதம் இருப்பதை உடனே சொல்லிவிட வேண்டும். எல்லா மாநிலங்களிலும் இப்படி எழுதி வைத்த ஏற்பாடு கிடையாது. இல்லாத இடத்தில் உள்ளூர் தீயணைப்புத் துறையின் நடைமுறைக் குறிப்பும் மருத்துவமனையின் கொள்கையும்தான் வழிகாட்டி. 2024-க்குள் 29 மாநிலங்களில் மறைத்து ஏந்துவதற்கு லைசென்ஸே தேவையில்லை என்றாகிவிட்டது. ஆகவே சட்டையைத் தூக்கும் பாராமெடிக், "லைசென்ஸ் வாங்கியிருப்பார், ஏதோ பயிற்சியாவது எடுத்திருப்பார்" என்று நினைத்துக்கொள்ளவும் இடமில்லை.

நம்ம ஆள் விஷயத்தில் சட்டத்தின் நடுப்பகுதிதான் சோதனைக்கு வந்தது. தெளிந்ததும் அவர் வீட்டுக்குப் போகிறேன் என்றார். இன்சுலின் போட்டு சர்க்கரை இறங்கியவர்கள் சிலர் குளுக்கோஸ் ஏற்றியதும் சாப்பிட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவது வழக்கம்தான். அவர் அதில் உறுதியாக நின்றிருந்தால், கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறவரை வலுக்கட்டாயமாக ஏற்ற முடியாது. அப்புறம் துப்பாக்கி? "உடலாலும் மனத்தாலும் தகுதி" என்பதற்கு அளவுகோல் எதையும் சட்டம் தரவில்லை. இருபது நிமிடத்துக்கு முன் தன் பெயர் தெரியாமல் இருந்தவர் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் தகுதியைப் பெற்றுவிட்டார் என்றால், தோட்டா ஏற்றிய பிஸ்டலை மறுபடி இடுப்பில் செருகும் தகுதியும் கூடவே வந்துவிட்டதா? இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் நடைமுறையில் ஒரே கையெழுத்தில் இரண்டும் தீர்ந்துவிடுகின்றன.

இங்கே கிளிமெபிரைடு காப்பாற்றியது. அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி மணிக்கணக்கில் தூண்டிக்கொண்டே இருக்கும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி விழும். அதனால் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது அவசியம். பாராமெடிக் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார், அவரும் ஒப்புக்கொண்டார். அத்துடன் தகுதிப் பிரச்சினையும் போனது: வேறிடம் கொண்டு போகிறார்கள், எனவே துப்பாக்கி போலீஸுக்கு.

போலீஸ்காரர் தன் வண்டிக்குப் பக்கத்தில் வைத்து மேகசினைக் கழற்றி, சேம்பரில் இருந்த ஒரு தோட்டாவை வெளியேற்றி, நான்கு விவரங்களையும் எழுதி ரசீதை நோயாளி கையில் கொடுத்தார். பதிவில் "சான்றுப் பொருள்" என்று எழுதாமல் "பாதுகாப்புக்காக வைத்தது" என்று எழுதினார். சின்ன விஷயம்போலத் தெரியும். சான்றுப் பொருளாகிவிட்டால் வழக்கறிஞர், நீதிமன்றம் என்று இழுத்துக்கொண்டு போகும். இப்படி ஒரு நிலையில் சிக்குபவரும் அவர் குடும்பமும் அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒரு சொல்லைத்தான்.

மருத்துவமனைக்குள் போன மேகசின்

வண்டி கிளம்பும் முன் "வேறு ஆயுதம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றார். பொய் இல்லை. தோட்டா நிறைந்த இன்னொரு மேகசின் இடப்பக்கப் பாக்கெட்டில் இருந்தது. அவர் கணக்கில் அது ஆயுதம் ஆகாது. கேள்வியை "பாக்கெட்டில் கூர்மையானது, உலோகமானது, தோட்டா ஏதாவது?" என்று கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

மருத்துவமனையில் சர்க்கரை சரியான பிறகும் வலக்கை சற்றுத் தளர்ந்தே இருந்தது. சர்க்கரைத் தாழ்வே பக்கவாதம்போல வேஷம் போடும். அதற்காக உண்மையான பக்கவாதத்தைத் தவறவிட முடியாது, எனவே எம்ஆர்ஐ எடுக்க முடிவு செய்தார்கள். உடை மாற்றும்போது பேன்ட் கனமாக இருப்பதைக் கவனித்த நர்ஸ் கையில் அந்த மேகசின் கிடைத்தது.

எம்ஆர்ஐ அறையும் துப்பாக்கியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏட்டில் பதிவான உதாரணங்கள் இருக்கின்றன. 2000-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில், பணியில் இல்லாத காவல் அதிகாரி ஒருவர் ஸ்கேன் எடுக்கப் போனார். துப்பாக்கியைப் பற்றி ஊழியரிடம் சொன்னார். ஆனால் அதை எங்கே விட்டுவிட்டு வருவது என்பதில் குழப்பம். கையோடு அறைக்குள் போய்விட்டார். காந்தம் அவர் கையிலிருந்து பிடுங்கி இழுத்துக்கொள்ள, இயந்திரத்தில் மோதிய வேகத்தில் துப்பாக்கி வெடித்து, குண்டு சுவரில் பாய்ந்தது. சேஃப்டி போட்டுத்தான் இருந்தது. துப்பாக்கியின் உள்ளே இருந்து சுடவிடாமல் தடுக்கும் சின்ன உலோகத் துண்டையே காந்தப்புலம் இடம் மாற்றியிருக்கலாம் என்பது 2002-ல் கதிரியக்கவியல் இதழில் வந்த விளக்கம். அன்று யாருக்கும் காயமில்லை. 2023 ஜனவரியில் பிரேசிலின் சாவ் பாவுலோவில் நடந்தது அப்படி முடியவில்லை: தாயாருக்குத் துணையாக அறைக்குள் போன வழக்கறிஞர் ஒருவரின் இடுப்புத் துப்பாக்கி அதேபோல வெடித்து வயிற்றில் பாய்ந்து, சில வாரங்களில் அவர் இறந்துபோனார். கவனிக்க வேண்டியது, அவர் நோயாளியே அல்ல.

மேகசின் தானாக வெடிக்காது. ஆனால் அதன் சுருள்வில் எஃகு, காந்தத்துக்குப் பிடித்த உலோகம். நர்ஸ் அதை நோயாளியின் உடைமைப் பையில் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். அது அங்கே கிடந்த ஒரு மணி நேரம்தான் இந்த நிகழ்வின் பலவீனமான பகுதி. பாதுகாப்பு ஊழியரை அழைக்க வேண்டும் என்று வேறொருவர் சொன்ன பிறகே அது பூட்டுப் பெட்டிக்குப் போனது, தனி ரசீதோடு.

இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்கலாம். 2000 முதல் 2011 வரை அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த துப்பாக்கிச் சூடுகளை எண்ணிய ஆய்வு ஒன்று 154 சம்பவங்களைக் கண்டது, 235 பேர் காயப்பட்டோ இறந்தோ போனார்கள். அவசரப் பிரிவுக்குள் நடந்தவற்றில் 23 சதவீதத்தில் பயன்பட்டது பாதுகாப்பு ஊழியரின் சொந்தத் துப்பாக்கி. அதாவது அங்கே வெளியிலிருந்து ஆயுதம் வர வேண்டும் என்பதில்லை, கைக்கு எட்டும் இடத்தில் ஒன்று இருந்தால் போதும். இல்லினாய் சட்டம் மருத்துவமனையைத் தடை செய்யப்பட்ட இடமாக வைத்திருக்கிறது. நிறுத்துமிடத்தில் காருக்குள் பூட்டி வைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஸ்ட்ரெச்சரில் வருகிறவருக்கு அந்த விலக்கால் என்ன பயன்? அவர் கார் வேறெங்கோ நிற்கிறது.

திரும்பப் பெறுதல்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கையும் மறுநாள் சரியானது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். காவல் நிலையத்தின் உடைமைப் பிரிவு அன்று மூடியிருந்தது. திங்களன்று மனைவி ரசீதை எடுத்துக்கொண்டு போய், நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். கொடுக்கவில்லை. இல்லினாயில் துப்பாக்கியைக் கைவசம் வைத்திருக்க ஃபாய்ட் கார்டு என்கிற உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். அவரிடம் அது இல்லை. வீட்டில் துப்பாக்கி இருந்தும் மனைவிக்கு அட்டை இல்லாத வீடு இது ஒன்று மட்டுமாக இருக்காது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு உண்டு. தற்காலிக விசாவில் இருப்பவர்கள், எச்-1பி, எச்-4 எல்லாம் சேர்த்து, கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர. பச்சை அட்டைக்காரர், அதாவது நிரந்தரமாக வசிக்க உரிமை பெற்றவர், வைத்திருக்கலாம். நண்பர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது உதவி என்று நினைத்து அவர் துப்பாக்கியை வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளும் எச்-1பிகாரர், தன் விசாவையே பணயம் வைக்கிறார்.

கணவரே போனபோது அடையாள அட்டை, ஃபாய்ட் கார்டு, ரசீது மூன்றையும் பார்த்து, பதிவைச் சரிபார்த்து, தோட்டாக்களைத் தனி உறையிலும் துப்பாக்கியைக் காலியாகவும் கொடுத்தார்கள். சீரியல் நம்பர் பொருந்தியது. ஹோல்ஸ்டர் மட்டும் காணோம். சட்டம் கேட்கும் நான்கு விவரங்களில் உறையும் இல்லை, தோட்டாவின் எண்ணிக்கையும் இல்லை; எழுதாத பொருளுக்கு யாரைக் கேட்பது? மேகசினுக்காக மருத்துவமனைக்குத் தனியாக ஒரு நடை.

அவர் பயந்தது லைசென்ஸ் போய்விடுமோ என்றுதான். சர்க்கரைத் தாழ்வுக்காக அவசரப் பிரிவுக்குப் போனதால் எதுவும் போகாது. மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு: கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவருக்கு இல்லினாயில் ஃபாய்ட் கார்டு மறுக்கப்படும். கூட்டாட்சிச் சட்டம் மருத்துவமனைச் சேர்க்கைகளில் கட்டாயச் சேர்க்கையை மட்டுமே தடையாகப் பார்க்கிறது.

பிறகு

அந்த ஆம்புலன்ஸ் குழு இதைத் தன் துறையில் பேசியபோது மூன்று விஷயங்கள் மாறின என்று வைத்துக்கொள்ளலாம், மாறவேண்டியவை அவைதான். போதை மருந்துப் பெட்டியைக் கடன் வாங்காமல் ஆயுதத்துக்கென்று தனிப் பூட்டுப் பெட்டி. ரசீதில் உறை, மேகசின், தோட்டா எண்ணிக்கைக்கு ஒரு வரி. வேறு ஆயுதம் உண்டா என்று கேட்கும்போது தோட்டாவையும் சேர்த்துக் கேட்பது. மனைவியும் ஃபாய்ட் கார்டுக்கு விண்ணப்பித்தார். பத்து டாலர், பத்து ஆண்டு செல்லும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கடைசியில் அவருடைய சொந்த மருத்துவர் செய்தது. கிளிமெபிரைடை நிறுத்திவிட்டு, வேறு மருந்து சேராமல் தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையை இந்த அளவுக்கு விழவைக்காத மாத்திரைக்கு மாற்றினார். "கார் ஓட்டும்போது இப்படி வந்தால்?" என்று பத்து நிமிடம் பேசினார். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவேளை கேட்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம். அப்படி ஒரு தடையை ஃபுளோரிடா 2011-ல் சட்டமாகவே கொண்டுவந்தது; 2017-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று தள்ளிவிட்டது. மருத்துவர் கேட்கலாம். நோயாளி தானாகவும் சொல்லலாம்.